கோப்பி மாண்ட மலையில்

மழை பிந்திய ஆண்டுகளில் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரம் மெல்ல மெல்லத் தலைகாட்டும். கோயிற் கட்டடம் தோன்றும். பள்ளிவாசலின் எச்சமும் புத்தர் சிலையும் தோன்றும். சேற்றினிடையே கடைகளின் அடித்தளங்கள் வரிவரியாய்த் தெரியும். 1969-ஆம் ஆண்டில் அணை நிறைவெய்தி மஸ்கெலி ஓயாவின் நீர் தேங்கியபோது அந்நகரம் மூழ்கிற்று. நகரத்தார் மேட்டில் அமைந்த புதிய இடத்திற்குக் குடிபெயர்ந்தனர். இன்று நாம் மஸ்கெலியா என்று வழங்குவது அந்தப் புதிய நகரத்தையே.

இத்தகைய வறட்சி நாளொன்றில் மாணவர் சிலருடன் கரையிறங்கி நின்றேன். அங்கே முதியவர் ஒருவர் கைத்தடியால் ஓரிடத்தைச் சுட்டி, அதுவே தம் தந்தையாரின் பலசரக்குக் கடை இருந்த இடம் என்றார். தந்தையார் இறுதிவரை நம்பவில்லையாம். ஓர் ஊரையே தண்ணீருக்குக் கொடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். பக்கத்துக் கடைக்காரர் முதல் ஆளாக மேட்டுக்குச் சென்று வியாபாரத்தைத் தொடங்கிவிட, இவர் நீர் வாசலை அணுகும்வரை கீழேயே கடை நடத்தினாராம். பின்னர் இருவருள் எவர் கடை செழித்தது என்பதை முதியவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வரலாறு கற்பிக்கும் எனக்கு அன்று வேறொரு நினைவு எழுந்தது. நீருக்கடியில் ஒரு நகரம் கிடப்பது போலவே, நம் மலைகளில் தேயிலைக்கடியில் ஒரு கோப்பி உலகம் கிடக்கின்றது. அவ்வுலகம் அழிந்தபோதும் நம்பாதவர் பலர் இருந்தனர்; நம்பித் தம்மை மாற்றிக்கொண்டவர் சிலரும் இருந்தனர். அவர்களைப் பற்றிச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மொழியில் பழைய வழக்குகள் வீழ்வதும் புதியவை தோன்றுவதும் குற்றமாகா என்று பவணந்தி முனிவர் இலக்கணத்திலேயே இடம் வகுத்தார். மனிதனுடைய மனத்திற்கு அவ்வாறு இடம் வகுத்துத் தருவார் எவருமிலர். அவ்விடத்தை அவனவனே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் செல்வமெல்லாம் கோப்பியே என்று கூறுதல் மிகையன்று. கண்டியைச் சூழ்ந்த காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்களாயின. 1870-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தர் கோப்பி ஆண்டுதோறும் கப்பலேறியது. இந்தச் செழிப்பின் உச்சியில், 1869-ஆம் ஆண்டில், மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் சில காணப்பட்டன. விரலால் தொட்டால் பொடியாய் ஒட்டும் புள்ளிகள். பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் என்பார் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஆங்கே பார்க்லி என்னும் அறிஞர் அது ஒருவகைப் பூஞ்சணம் எனக் கண்டு, ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதிக்கு அழிப்பது என்பது பொருள். பெயரிட்டவருக்கே அது எவ்வளவு பொருந்தும் என்பது அன்று தெரிந்திராது.

இனி நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. நோய் தோன்றிய பின்னரும் கோப்பி பயிரிடுதல் குறையவில்லை; பெருகிற்று. விளைச்சல் குறையக் குறைய உலகச் சந்தையில் விலை ஏறியதால், கையிற் கிடைத்த பணம் குறைவைத் திரையிட்டு மறைத்தது. இலை உதிர்கிறதா? மண் களைத்துவிட்டது, எருவிடுவோம் என்றனர் சிலர். இவ்வாண்டு மழை மிகுதி, அடுத்த ஆண்டு சரியாகிவிடும் என்றனர் வேறு சிலர். கீழ்மலைகளில் நோய் மிகுந்தால் மேல்மலைகளுக்குச் செல்வோம், அங்குள்ள குளிரில் நோய் வாழாது என்று கருதியவர்களும் உளர். இந்நம்பிக்கையின் விளைவாகவே நுவரெலியாவிற்கும் சிவனொளிபாதமலைக்கும் இடைப்பட்ட பெருங்காடு 1870-களில் விரைந்து வெட்டப்பட்டது. திம்புளை, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் தோட்டங்களுட் பெரும்பாலானவை இவ்வாறு எழுந்தவையே. 1878-ஆம் ஆண்டளவில் கோப்பி நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கராக விரிந்திருந்தது. ஆக, நம் மஸ்கெலியா ஒரு மறுப்பினின்று பிறந்த ஊராகும். வீடு எரிகையில் மேல்மாடி கட்டியவர்கள் வெட்டிய காட்டில்தான் நாம் இன்று வாழ்கின்றோம்.

1880-ஆம் ஆண்டில் மார்ஷல் வார்ட் என்னும் இளைய தாவரவியலறிஞர் இந்நோயை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இரண்டாண்டுகள் உழைத்து அவர் கண்டவை தெளிவானவை. பூஞ்சணத்தின் நுண்வித்துகள் காற்றிற் பரவுகின்றன. ஈரம்பட்ட இலையில் முளைத்து இலையின் நுண்துளைகளினூடே உட்புகுகின்றன. இடையீடின்றி மலைமலையாக ஒரே பயிரைப் பரப்பியமை நோய்க்கு இராசபாட்டை அமைத்துத் தந்தது போலாயிற்று. தோட்டக்காரர் அவரிடம் எதிர்பார்த்தது ஒரு மருந்து. அவர் தந்ததோ ஓர் உண்மை. மருந்தை எதிர்பார்த்தவனிடம் உண்மையைக் கொடுத்தால் அவன் மனநிறைவு கொள்வதில்லை என்பது ஆசிரியத் தொழிலில் உள்ளோர் யாவரும் அறிந்ததே.

1884-ஆம் ஆண்டில் கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி வீழ்ந்தது. அவ்வங்கியின் தாள்நாணயமே நாட்டில் வழங்கியமையால், தேசாதிபதி ஆதர் கோர்டன் அரசாங்கத்தின் பொறுப்பில் அத்தாள்களுக்கு உறுதி கொடுக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில்தான் புகையிரதப் பாதை ஹற்றனை அடைந்தது. கோப்பி ஏற்றுவதற்கென்று மலையேறி வந்த வண்டிக்கு ஏற்றக் கோப்பி அருகிக்கொண்டிருந்தது. இடைக்காலத்தில் பலர் கொயினா மருந்துக்குரிய சிங்கோனா மரத்தை நட்டனர். எல்லாரும் ஒருங்கே நட்டமையால் பட்டை சந்தையில் மலிந்து விலை சரிந்தது. மாற்றமென்று பெயரிட்டு அண்டை வீட்டானைப் பார்த்து நடப்பதும் பழைய மனத்தின் வேலையே என்பதற்குச் சிங்கோனா நல்ல சான்று.

இவர்களுக்கிடையே ஒருவர் வேறுவகையினராயிருந்தார். ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 1852-ஆம் ஆண்டில், பதினாறு வயதினராய், கோப்பித் தோட்டத்தில் வேலை பார்க்க வந்தவர். லூல்கந்துரை என்ற தோட்டமே அவருடைய வாழ்க்கை முழுவதும் ஆயிற்று. 1867-ஆம் ஆண்டில் அத்தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் அவர் தேயிலை நட்டார். ஆண்டுக் கணக்கைக் கவனிக்க வேண்டும். இலைநோய் காணப்படுவதற்கு இரண்டாண்டு முன்னர், கோப்பி மரம் குலை குலையாய்க் காய்த்துக் குலுங்கிய நாளில், அவர் இன்னொரு தொழிலின் மாணவராயினார். அசாமில் தேயிலை செய்து பழகியவர்களைக் கண்டால் விடாது கேட்டறிந்தார். பங்களாவின் விறாந்தையே அவருடைய தொழிற்சாலை. மேசையில் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரை பதித்துக் கையாலேயே உருட்டச் செய்து, களிமண் அடுப்பில் கரிநெருப்பின்மேல் உலர்த்தினார். 1873-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து இலண்டனுக்குச் சென்ற முதற் தேயிலை 23 இறாத்தலே. இக்காலத்துச் சிறு பொதியொன்றிற்கும் போதாத அளவு என்று நகைத்தவர் அன்றும் இருந்திருப்பர்.

அவர் நாற்பதாண்டுகளில் மேற்கொண்ட ஒரே விடுமுறைப் பயணம் 1874-ஆம் ஆண்டில் டார்ஜிலிங்குக்குச் சென்றதே. அதுவும் தேயிலைத் தொழிலைக் கண்டுவரச் சென்றது. முப்பத்தொன்பது வயதில், தன் தொழிலில் பெயர் பெற்ற ஒருவன், பிறரிடம் பாடங் கேட்கப் புறப்படுதல் எளிதன்று. தெரியும் என்ற நிலையினின்று தெரியாது என்ற நிலைக்கு இறங்குவதே மாற்றத்தின் கடினமான படி. பின்னுள்ள படிகள் அத்துணைக் கடினமல்ல. 1875-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராயிருந்த இலங்கைத் தேயிலை, இருபதாண்டுகளில் மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்தது. அதற்கு வேண்டிய அறிவு ஆயத்தமாயிருந்ததென்றால், அது அந்த விறாந்தையிலும் அதனைப் போன்ற சில இடங்களிலும் முன்கூட்டியே சேர்ந்திருந்தமையாலேயாம்.

துரைமாரைப் புகழ்வது நமக்கு வேலையன்று; அவர்களுள் பெரும்பாலோரிடம் புகழத்தக்கன மிகுதியும் இல்லை. டெய்லரையும் முற்றும் மாறிய மனிதராகக் காட்டுதல் உண்மைக்கு மாறாகும். தோட்டத்தின் உரிமை ஒரு கம்பனியின் கைக்கு மாறியபின் அவருக்கும் மேலிடத்தாருக்கும் மனவேற்றுமை வளர்ந்தது. ஊதியமின்றி ஆறுமாத விடுமுறையில் செல்லுமாறு அவரைப் பணித்தனர். அதைப் பணிநீக்கமாகவே கருதிய அவர் மறுத்தார். விலகுமாறு கேட்டபோதும் தோட்டத்தை விட்டு அசையவில்லை. பயிரை மாற்றத் தெரிந்தவருக்கு இடத்தை மாற்றத் தெரியவில்லை. 1892-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி, அத்தோட்டத்திலேயே, வயிற்றுக்கடுப்பு நோயால் தம் 57-ஆம் வயதில் இறந்தார். பருத்த உடலினராகையால் அவரைக் கண்டிக்குச் சுமந்து செல்லப் பன்னிருவர் கொண்ட இரு குழுக்கள் வேண்டியிருந்தன. ஒரு குழு களைத்தபோது மறுகுழு தோள் கொடுத்தது. சுமந்தவர்கள் அவரைச் சாமித் துரை என்று அழைத்த நம்மவர்கள்.

அந்த இருபத்துநால்வரின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. மகாய்யாவ மயானத்தில் துரையின் பெயரைச் சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் முன்னோடி என்று கல் பேசுகின்றது. ஆயினும், கோப்பியினின்று தேயிலைக்கு மாறியவர் யார் என்று கேட்பின், முதலில் மாறியவை அந்தத் தோள்களும் கைகளுமே. கோப்பிப் பழம் பறித்த விரல், இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளக் கற்றது. கோப்பிக் கிளையை ஒடித்த கை, தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டக் கற்றது. தேயிலைத் தொழிற்சாலையை நம் மக்கள் ஸ்டோர் என்றே வழங்குகின்றனர். கோப்பியைக் குவித்துவைத்த களஞ்சியத்தின் பெயர் அதன் அழிவுக்குப் பின்னும் வாயில் நின்றுவிட்டதெனக் கருத இடமுண்டு.

தொழில் மாறியது சிறிது. வாழ்வு மாறியதே பெரிது. கோப்பிக்கு ஆண்டிற் சில மாதங்களே பெருவேலை. திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னாரினின்று மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்தவர்களுட் பலர், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியில் மாண்டவர் தொகையை எவர் கணக்கிட்டார்? தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆதலால் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். அதிலும் பெண்கள் வேண்டும். தனியாளாய் வந்தவன் குடும்பத்தோடு லயத்தில் தங்கினான். பிள்ளை இங்கே பிறந்தது. பாட்டன் இங்கே புதைந்தான். வழிப்போக்கன் குடியானவனானான். உடம்பு இங்கே வேரூன்றியும் உள்ளம் வேரூன்ற மறுத்தது. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடுவோம் என்று சொல்லிக்கொண்டே மூன்று தலைமுறைகள் கழிந்தன. தகரப்பெட்டியை அவிழ்க்காமல் வாழ்ந்த வாழ்க்கை அது. பெட்டியை அவிழ்க்காதவன் சுவருக்குச் சுண்ணாம்பு பூச மாட்டான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதையும் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமென்று தள்ளிவைப்பான். பெற்றோர் கூட்டங்களில் நான் கேட்கும் சில விடைகளில் அப்பெட்டியின் பூட்டு இன்றும் ஒலிக்கின்றது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. துண்டு முறையால் கடன் காகிதத்தோடு சேர்த்துத் தோட்டத்திலிருந்து தோட்டத்திற்குக் கைமாற்றப்பட்டவனுக்கு - அம்முறை 1921-ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது - ஊர் என்ற கனவு ஒன்றே சொந்தமாக இருந்தது.

இந்நிலையில் தம்மைத் தாமே மாற்றிக்கொண்டு நம்மிடை வந்த ஒருவரை நினையாதிருத்தல் இயலாது. கோதண்டராம நடேசய்யர் 1887-ஆம் ஆண்டு தஞ்சைப் பகுதியிற் பிறந்தவர். வணிகக் கல்வி போதித்தவர். வர்த்தகமித்திரன் என்னும் இதழை நடத்தியவர். அந்தண குலத்து ஆசிரியர் ஒருவர், கணக்கும் வர்த்தகமும் எழுதிச் சுகமாகக் காலங் கழித்திருக்கலாம். இலங்கைக்கு வந்தபோது தோட்டங்களின் நிலையை நேரிற் காண விரும்பினார். அயலார் தோட்டத்துள் நுழைதல் குற்றமாயிருந்த காலம் அது. எனவே புடைவை விற்பவராக வேடம் பூண்டு, மூட்டையைச் சுமந்து லயம் லயமாகச் சென்றார் என்பர். இவ்வேடம் தோட்ட வாசலில் கழன்று விழுந்திருப்பின் அது வெறும் வேடமே. கழலவில்லை. வர்த்தகரின் நண்பர் தொழிலாளரின் நண்பரானார். தேசநேசன், தேசபக்தன் ஆகிய இதழ்களை நடத்தினார், தொழிற்சங்கத்தில் ஏ. ஈ. குணசிங்காவுடன் தோளிணைந்து நின்று, இந்தியத் தொழிலாளர்மீது பகை வளர்க்கப்பட்டபோது பிரிந்தார். 1931-ஆம் ஆண்டில் ஹற்றனில் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சங்கம் கண்டார். 1936-ஆம் ஆண்டில் அதே ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார், பெண்கள் மேடையேறாத நாளில், மக்கள் அறிந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டிக் கூட்டங்களிற் பாடினார். கணவர் மாறியதைக் காட்டிலும் அம்மையார் மாறியதே அரிதென்பது என் கருத்து.

ஈண்டு ஒரு தடை எழும். மாற்றத்தைத் தழுவுக என்று மலையக மக்களுக்குச் சொல்ல எவருக்கு உரிமை உண்டு? 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மவருட் பெரும்பாலோரை ஒரே நாளில் நாடற்றவராக்கியது. அதுவும் மாற்றமே. 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களை எண்ணிப் பிரித்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று ஒதுக்கியது. எஞ்சிய 150,000 பேரைப் பத்தாண்டு கழித்து இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டன. எண்ணப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்டவர் எவருமிலர். தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்திற்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டனர். ஊருக்குப் போவோம் என்று மூன்று தலைமுறை சொன்னவர்கள், போகும் நாள் வந்தபோது புகையிரத நிலையத்தில் கதறினர். தங்கள் உள்ளம் எப்போதோ மாறிவிட்டதென்பதை அக்கதறலில்தான் அவர்களே அறிந்தனர். கீழே நகரம் நீருக்குள் போய்க்கொண்டிருந்த காலமும், மேலே மக்கள் வண்டியேறிய காலமும் ஏறக்குறைய ஒன்றே.

பிறர் நம்மீது சுமத்தும் மாற்றம் வேறு. நாம் நம்முள் இயற்றும் மாற்றம் வேறு. முன்னதை எதிர்க்க வேண்டிய இடத்தில் எதிர்த்தே ஆகவேண்டும். பணிந்திருந்தால் 2003-ஆம் ஆண்டில் எஞ்சிய நாடற்றவருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் வந்திராது. ஆனால் எதிர்ப்பதற்கும் மனம் மாறியாக வேண்டும். நான் வழிப்போக்கன் என்று எண்ணியிருப்பவன் உரிமை கேட்கமாட்டான். இது என் மலை என்று அவன் உள்ளத்தில் மாறிய பின்னரே, அதை மறுப்பவனை எதிர்க்க அவனுக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கின்றது. இந்தியத் தமிழன் என்று பிறர் எழுதிய பெயரை விடுத்து மலையகத் தமிழன் என்று நம்மவர் தம்மைத் தாமே அழைக்கத் தொடங்கியதை அம்மாற்றத்தின் வெளிப்பாடாகவே கொள்கிறேன்.

அன்று கரையில் நின்றபோது என் மாணவி ஒருத்தி அந்த முதியவரை வினவினாள். தண்ணீர் வாசலுக்கு வந்த நாளில் உங்கள் தந்தையார் கடையிலிருந்து எதை எடுத்துச் சென்றார் என்று கேட்டாள். கதவுப் பலகைகளை எடுக்க நேரம் இருக்கவில்லையாம். கல்லாப்பெட்டியையும் தராசையும் தலையிற் சுமந்துகொண்டு மேடேறினாராம். மறுநாட் காலை, கூரை போடாத இடத்தில், மரக்கிளையொன்றில் தராசைக் கட்டி அரிசி நிறுத்துக் கொடுத்தாராம்.